பிள்ளை தங்காததற்குப் பெண்ணா பொறுப்பு?

(பூந்தமல்லியை அடுத்த ஒரு சிற்றூரில் நடைபெற்ற சுயமரியாதைத் திருமணத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இத்திருமணத்தில் புரோகிதன் இல்லை; புகை இல்லை; நமக்குப் புரியாத மந்திரமும் இல்லை. ஆனபடியால் அவற்றிற்குச் செலவாகியிருக்க வேண்டிய நேரம் நமக்கு மிச்சமாகியிருக்கின்றது. அந்த நேரத்தை "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" என்று வாழ்த்துவதில் செலவழிக்க நமக்கு இஷ்டமில்லை. வாழ்த்தினால் வந்துவிடும் என்பது உண்மையானால் இந்நாட்டில் பிள்ளையில்லாதவர்களும் இருக்கமாட்டார்கள். பிள்ளை பிறந்து சாகக் கொடுக்கிறவர்களும் இருக்கமாட்டார்கள். ஆகவே மணமக்களுக்கும், இங்கு கூடியிருக்கும் வாலிபர்களுக்கும் உபயோகப்படக்கூடிய ஒரு விஷயத்தைப் பேசலாம் என்று எண்ணியிருக்கிறோம்.

அது என்னவென்றால், கணவன் மனைவி இவர்களுடைய ரத்தப் பிரிவைப் பற்றியும், அந்தப் பிரிவு வித்தியாசத்தால் சில குடும்பங்களில் வயிற்றிலேயே குழந்தை சாவதைப் பற்றியுமாகும். "கலியாணப் பந்தலில் சாவுப் பேச்சா? அபசகுனமாயிற்றே!" என்று தாய்மார்கள் சிலர் முகத்தைச் சுளிப்பது நமக்குத் தெரிகின்றது. நல்ல காரியத்தில் பேசினால் அபசகுனம். கெட்ட காரியம் நடந்த பின் பேசினால் பிரயோஜனமில்லை. பின் எப்போதுதான் பேசுவது? பேசாமல் இருந்ததனால் செத்த குழந்தை ஒன்றாவது பிழைத்ததா என்று கேட்கிறோம்.

முதலில், நீங்கள் எல்லோரும் உங்கள் தெருவிலோ உங்கள் உறவிலோ கேள்விப்பட்டிருக்கக்கூடிய ஒரு கதையைச் சொல்லுகிறோம். ஒரு பெண்ணுக்குக் கலியாணம் ஆகின்றது. முதற் குழந்தை சுகமாய்ப் பிறந்து வளருகின்றது. இரண்டாவது குழந்தை பிறந்த அன்றே மஞ்சளாய் மாறி, இரண்டொரு நாளில் இறந்து போகின்றது. மூன்றாவது ஏழெட்டு மாதத்தில் வயிற்றிலேயே உடம்பெல்லாம் நீர் கோத்துச் செத்துப் பிறக்கின்றது. இதற்குள் அந்தப் பெண்ணுக்கு ஊரார் எத்தனை பெயர் வைத்துவிடுகிறார்கள்! ராசி கெட்டவள், பிள்ளையைத் தின்றவள், கருப்பைச் சூடுடையவள் என்கிறார்கள். ஜோசியன் வந்து நாக தோஷம் என்கிறான். புத்திர தோஷம் என்கிறான். காளஹஸ்திக்குப் போ, ராமேசுவரத்துக்குப் போ என்கிறான். போய் வந்தாலும் நான்காவதும் தங்குவதில்லை.

பிறகு மாமியார் மகனுக்கு வேறு பெண் பார்க்கிறாள். அந்தப் புதுப்பெண்ணுக்கு வரிசையாய் மூன்று குழந்தைகள் கொழுக்கொழுவென்று பிறக்கின்றன. உடனே ஊரார், "பார்த்தாயா? அவனிடத்தில் ஒன்றுமில்லை, எல்லாம் அந்தப் பாவி வயிற்றில்தான் இருந்தது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். முதல் மனைவியோ தாய் வீட்டில் ஒரு மூலையில் கிடக்கிறாள். அவளும், "நாம் ஏதோ முன் ஜென்மத்தில் செய்த பாவம்" என்று நம்பிக்கொண்டே செத்தும் போகிறாள்.

இந்தக் கதையில் நடந்த சம்பவங்கள் பொய்யல்ல. முதற் குழந்தை பிழைத்ததும், அடுத்தவை செத்ததும், இரண்டாந்தாரத்தின் குழந்தைகள் பிழைத்ததும் எல்லாம் நடக்கக்கூடியவையே. ஆனால் அவற்றிற்குச் சொன்ன காரணந்தான் பொய். உண்மைக் காரணத்தைத் தெரிந்துகொண்டால், ஒவ்வொரு சம்பவமும் ஏன் அப்படி நடந்தது என்று கை விரலை மடக்கிக் கணக்குச் சொல்லிவிடலாம்.

மனிதர் ரத்தம் எல்லாம் சிவப்பாய் இருந்தாலும் எல்லாம் ஒன்றல்ல. 1901-ம் வருஷத்தில் வியன்னா நகரத்தில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் என்கின்ற அறிஞர், ஒருவர் ரத்தத்தை மற்றொருவர் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்து, சில சேருவதையும் சில திரிந்து கட்டியாவதையும் கண்டார். ஏ, பி, ஓ என்னும் பிரிவுகள் அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டவையே. அதற்காக 1930-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

ஆனால் அதோடு விஷயம் முடியவில்லை. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. அவளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. கணவனும் அவளும் ஓ பிரிவே ஆனதால் கணவன் ரத்தத்தையே ஏற்றினார்கள். ஏற்றியதும் அவளுக்குக் கடுமையான கோளாறு கண்டது. ஒரே பிரிவு ரத்தம் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? அங்கே ஒரு ஜோசியனைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. பிலிப் லெவின் என்னும் டாக்டர் அவளுடைய ரத்தநீரை எடுத்து, ஓ பிரிவுக்காரர்கள் 104 பேருடைய ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தார். 80 பேருடைய ரத்தம் திரிந்து போயிற்று. குழந்தைக்குத் தகப்பனிடமிருந்து வந்த ஏதோ ஒன்று தாய்க்கு இல்லை. அதை எதிர்த்துத் தாயின் உடம்பு ஏதோ ஒன்றை உண்டாக்கியிருக்கின்றது என்று ஊகித்து, அவரும் ஸ்டெட்சன் என்பவரும் 1939-ல் எழுதி வெளியிட்டார்கள்.

அடுத்த வருஷம், 1940-ல், லாண்ட்ஸ்டெய்னரும் வீனர் என்பவரும் ரீசஸ் என்னும் ஜாதிக் குரங்கின் ரத்தத்தை முயலுக்குச் செலுத்தி, அந்த முயலின் ரத்தநீரால் மனித ரத்தத்தைச் சோதித்தார்கள். அந்த நகரத்து வெள்ளையர்களில் 100-க்கு 85 பேர் ரத்தம் அதில் திரிந்தது. 15 பேருடையது திரியவில்லை. திரிந்தது ஆர்.எச். பாசிட்டிவ் என்றும், திரியாதது ஆர்.எச். நெகட்டிவ் என்றும் பெயர் பெற்றன. ஆர்.எச். என்பது அந்த ரீசஸ் குரங்கின் பெயரிலிருந்து வந்ததேயாகும். தோழர்களே! குரங்கைக் கண்டால் நம்மவர் வடைமாலை சாத்திக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறார்கள். மேல் நாட்டார் அதே குரங்கின் ரத்தத்தைச் சோதித்துப் பிள்ளைச் சாவுக்குக் காரணம் கண்டார்கள். எது குரங்குக்கு மரியாதை, எது மனிதனுக்கு மரியாதை என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நம் நாட்டில் ஏறக்குறைய 100-க்கு 5 பேர் நெகட்டிவ். மற்ற 95 பேர் பாசிட்டிவ். நெகட்டிவ் என்பது ஒரு நோயல்ல, குறையுமல்ல. சிலருக்குச் சுருட்டை முடி, சிலருக்கு நீட்டு முடி என்பது போன்றதேயாகும். தாய் பாசிட்டிவ் ஆனால் இந்த விஷயத்தில் கவலை இல்லை. தாயும் தகப்பனும் இருவரும் நெகட்டிவ் ஆனாலும் கவலை இல்லை. தாய் நெகட்டிவ், தகப்பன் பாசிட்டிவ் என்கின்ற ஒரு நிலைமையில்தான் கவனம் வேண்டும். ஏனென்றால் அப்போது வயிற்றிலுள்ள குழந்தை தகப்பனைக் கொண்டு பாசிட்டிவாக இருக்கக்கூடும்.

இது எப்படி வேலை செய்கின்றது என்றால், நம் உடம்பில் கிராமத்துக் காவல்காரனைப் போல் ஒரு காவல் இருக்கின்றது. புதிதாய் ஒன்று உள்ளே நுழைந்தால் அதை அடையாளம் பார்த்து வைத்துக்கொள்ளும். மறுபடி வந்தால் அடித்துத் துரத்தும். தாய் ரத்தமும் பிள்ளை ரத்தமும் வயிற்றில் தனித்தனியே ஓடுகின்றன. ஆனால் பிரசவத்தில் நஞ்சுக்கொடி பிரியும் சமயத்தில் குழந்தையின் ரத்தம் சிறிது தாயின் ரத்தத்தில் கலந்துவிடக்கூடும். நெகட்டிவ் ஆன தாயின் உடம்பு அந்தப் பாசிட்டிவ் அணுக்களை அந்நியன் என்று கண்டு, எதிர்ப்புப் பொருளை உண்டாக்கக் கற்றுக்கொள்ளுகின்றது. அதற்குள் முதற் குழந்தை வெளியே வந்துவிட்டபடியால் அதற்கு ஆபத்தில்லை. அடுத்த குழந்தையும் பாசிட்டிவ் ஆனால், அந்த எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாய்க் குழந்தையினிடம் போய் அதன் சிவப்பு அணுக்களை அழிக்கின்றது. அணுக்கள் அழிவதால் ரத்தம் சுண்டுகின்றது. குழந்தை பிறந்ததும் காமாலை காணுகின்றது. கடுமையானால் வயிற்றிலேயே நீர் கோத்து இறந்து போகின்றது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் இது முன்னிலும் கடுமையாகக்கூடும்.

இப்போது அந்தக் கதைக்கு வாருங்கள். முதற் குழந்தை பிழைத்தது ஏன்? காவல்காரன் அப்போதுதான் அடையாளம் பார்த்தான். அடுத்தவை செத்தது ஏன்? அடையாளம் தெரிந்துவிட்டது. இரண்டாந்தாரத்தின் பிள்ளைகள் பிழைத்தது ஏன்? 100-க்கு 95 பெண்கள் பாசிட்டிவ் ஆனதால், இரண்டாவது வந்தவளும் பாசிட்டிவாக இருந்திருப்பாள். ஆகவே அவளுடைய பாக்கியமும் இல்லை. முன்னவளுடைய பாவமும் இல்லை. அந்த முதல் மனைவியே நெகட்டிவ் ஆன ஒருவனைக் கட்டியிருந்தால் அவளுக்கும் நான்கு பிள்ளைகள் பிழைத்திருக்கும். அப்படியிருக்க, குழந்தையைக் கொன்றது அவள் ரத்தம் என்று சொல்லுவதற்கு எவ்வளவு நியாயம் உண்டோ, அவ்வளவு நியாயம் அவன் ரத்தம் என்று சொல்லுவதற்கும் உண்டல்லவா? ஆனால் ராசி கெட்டவன் என்று எந்த ஆண்பிள்ளையையாவது தாய் வீட்டுக்குத் துரத்தின கதை உண்டா? உண்மையில் இருவர் பேரிலும் குற்றமில்லை. குற்றமெல்லாம் தெரிந்துகொள்ள மாட்டோம் என்கின்ற பிடிவாதத்தின் பேரில்தான்.

"மாங்காட்டு அம்மனுக்கு நேர்ந்துகொண்ட பிறகு எங்கள் உறவில் ஒருத்திக்குக் குழந்தை தங்கிற்றே, அதற்கு என்ன சொல்லுகிறீர்?" என்று யாராவது கேட்கலாம். அதற்கும் பதில் இருக்கின்றது. ஒவ்வொருவருக்கும் இந்த ரத்தக் கூறு தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக இரண்டு வருகின்றன. இரண்டில் ஒன்று பாசிட்டிவ் ஆனாலும் ஆள் பாசிட்டிவ்தான். ஆகவே பாசிட்டிவ் ஆன தகப்பனில் சிலருக்கு உள்ளே ஒரு நெகட்டிவ் கூறு மறைந்திருக்கும். அப்படிப்பட்டவனுடைய பிள்ளைகளில் பாதிப்பேர் நெகட்டிவாகப் பிறக்கக்கூடும். நெகட்டிவ் பிள்ளையைத் தாயின் உடம்பு எதிர்ப்பதில்லை. அது சுகமாய்ப் பிறக்கின்றது. காசைச் சுண்டிப் போட்டால் பூவோ தலையோ விழுவதைப் போன்ற சங்கதி. பூ விழுந்தால் அம்மன் கருணை, தலை விழுந்தால் உன் பக்தி போதாது என்பது எப்போதும் தோற்காத வியாபாரமாகும்.

இது விஷயத்தில் இன்னொரு பெரிய அநியாயமும் நடக்கின்றது. தாயும் தகப்பனும் பாசிட்டிவ். மகள் மட்டும் நெகட்டிவ் என்று சோதனையில் வந்தால், தாயின் நடத்தையைப் பற்றிச் சந்தேகப்படுகிற மூடர்கள் இருக்கிறார்கள். இப்போது சொன்னதிலிருந்தே உங்களுக்கு விளங்கும். இருவரிடத்திலும் ஒவ்வொரு நெகட்டிவ் கூறு மறைந்திருந்து, அவை இரண்டும் ஒரு பிள்ளையினிடம் சேர்ந்தால் அந்தப் பிள்ளை நெகட்டிவ். இதில் சந்தேகப்பட ஒரு கடுகளவும் இடமில்லை.

இனி, இதற்குப் பரிகாரம் என்ன என்று கேட்பீர்கள். பரிகாரம் என்கின்ற வார்த்தை நம் வாயில் வருவது உங்களுக்கு ஆச்சரியமாய் இருக்கலாம். இது பலிக்கிற பரிகாரம். காவல்காரன் கண்ணில் படுமுன்பே, உள்ளே நுழைந்த அந்தச் சில அணுக்களை அப்புறப்படுத்திவிட்டால் அவன் அடையாளம் கற்றுக்கொள்ள மாட்டான் அல்லவா? இந்த யோசனையைக் கொண்டு 1960-க்குப் பிறகு இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து டாக்டர்கள் ஒருபுறமும், நியூயார்க்கில் ஃபிரேடா, கோர்மன், பொல்லாக் என்பவர்கள் மற்றொரு புறமும் வேலை செய்தார்கள். அதன் பலனே ஆன்டி-டி என்னும் ஊசி. 1968-ல் அமெரிக்காவில் இது விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும், நம் இந்திய சர்க்காரின் பட்டியலிலும் இது இருக்கின்றது.

ஊசி இல்லாத காலத்தில், நெகட்டிவ் தாய் தன் மற்ற ரத்தப் பிரிவு ஒத்த பாசிட்டிவ் பிள்ளையைப் பெற்றால், 100-க்கு 16 பேருக்கு இந்த எதிர்ப்பு உண்டாயிற்று. பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டதில் அது 100-க்கு ஒன்றிரண்டு பேராகக் குறைந்தது. ஏழாவது மாதத்தில், அதாவது 28-வது வாரத்திலும் ஒன்று போட்டால் ஒன்றுக்கும் கீழே போயிற்று. இங்கிலாந்தில் 1969-க்கு முன் 1 லட்சம் பிரசவத்துக்கு 46 குழந்தைகள் இதனால் செத்தன. 1990-ல் அது இரண்டுக்கும் குறைவு. எந்தத் தேரோட்டத்தினால், எந்தக் கும்பாபிஷேகத்தினால் இப்படி ஒரு கணக்குக் காட்ட முடியும்?

இந்த மருந்து எதிலிருந்து வருகின்றது தெரியுமா? மனித ரத்தத்திலிருந்துதான். இந்த எதிர்ப்புப் பொருள் யாருடைய ரத்தத்தில் இருக்கின்றதோ அவர்கள் கொடுத்த ரத்தநீரிலிருந்து எடுத்தார்கள். ஆரம்பத்தில் கொடுத்தவர்களில் இக்காரணத்தால் குழந்தையைப் பறிகொடுத்த தாய்மார்களும் உண்டு. எந்த ரத்தத்தை நம் ஊரில் "பிள்ளையைத் தின்ற ரத்தம்" என்று ஏசினார்களோ, அதே ரத்தந்தான் அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றும் மருந்தாயிற்று. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்னும் ஒருவர், 14 வயதில் நெஞ்சில் அறுவை நடந்தபோது முன்பின் தெரியாதவர்கள் கொடுத்த ரத்தத்தால் பிழைத்தார். 18 வயதானதும் தாமும் கொடுக்கத் தொடங்கி, சட்டம் அனுமதித்த 81 வயது வரை 1173 தடவை கொடுத்தார். அவருடைய ரத்தத்தில் இந்த எதிர்ப்புப் பொருள் ஏராளமாய் இருந்தது. 24 லட்சம் குழந்தைகளுக்கு அவர் கொடை உதவியதாக அந்நாட்டார் கணக்கிடுகிறார்கள். அவர் 2025 பிப்ரவரியில் தம் 88-வது வயதில் காலமானார். அவர் எந்த ஜாதி, எந்தக் கோத்திரம் என்று அந்தக் குழந்தைகள் கேட்கவில்லை.

ஜாதி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஜாதி விட்டு ஜாதி கட்டினால் ரத்தம் கெட்டுவிடும் என்று நம்மைப் பார்த்துச் சொல்லுகிறார்கள். அய்யா! ஒரே ஜாதி, ஒரே உட்பிரிவு, பத்துப் பொருத்தமும் பார்த்து, அய்யர் வந்து ஓதி நடந்த கலியாணத்திலும் அவள் நெகட்டிவ், அவன் பாசிட்டிவாக இருக்கின்றதே! பார்ப்பனப் பெண்ணுக்கு ஆபத்தென்றால் ஒரு ஆதிதிராவிடரின் ரத்தம் ஒத்துக்கொள்ளும். அவள் சொந்த அண்ணன் ரத்தம் ஒத்துக்கொள்ளாமல் போகும். ரத்தத்தில் பிரிவு உண்டு; ஆனால் அது மனு எழுதின பிரிவு அல்ல.

இப்போது சில ஜோசியர்கள் புதுத் தந்திரம் ஒன்று செய்கிறார்கள். "நாடிப் பொருத்தம் என்று எங்கள் பெரியோர் சொன்னதே இந்த ரத்தப் பொருத்தந்தான்" என்கிறார்கள். இது புரட்டு என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஜாதகம் பிள்ளை பிறந்த நேரத்தை வைத்து எழுதுவது. ரத்தப் பிரிவோ பிறப்பதற்கு ஒன்பது மாதத்துக்கு முன், கருத்தரித்த அன்றே தாய் தகப்பனால் ஏற்பட்டுப் போவது. பிரசவம் ஒரு நாள் தள்ளிப் போனால் நட்சத்திரம் மாறும், ரத்தம் மாறுமா? 27 நட்சத்திரத்தை மூன்று கூறாய்ப் பிரித்தது நாடி. அதில் 9 நட்சத்திரக்காரர்கள் ஒரு கூறு. 100-க்கு 5 பேர் என்கின்ற கணக்கு அதில் எங்கே இருக்கின்றது? அது தெரிந்தே இருந்ததானால், 1939 வரையில் செத்த குழந்தைகளுக்காக ஒரு ஜோசியனாவது வாய் திறந்திருக்கக்கூடாதா?

அதே சமயத்தில் நம் தோழர்களுக்கும் ஒரு எச்சரிக்கை சொல்லிக்கொள்ளுகிறோம். ஜாதகத்தைக் கிழித்தெறிந்துவிட்டு ரத்தச் சீட்டையே புது ஜாதகமாக்கிவிடக் கூடாது. பெண் நெகட்டிவ் என்றால் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போவதாகக் கேள்விப்படுகிறோம். இது பழைய அயோக்கியத்தனத்துக்குப் புதுச் சட்டை போட்டதாகும். கணக்குப் பாருங்கள்: ஆண்களிலும் 100-க்கு 95 பேர் பாசிட்டிவ். நெகட்டிவ் பெண்கள் எல்லாம் நெகட்டிவ் மாப்பிள்ளைதான் தேட வேண்டும் என்றால் அவர்களில் பெரும்பாலோர் கன்னியாகவே இருக்க வேண்டியதுதான். ஓர் ஊசியால் தீருகின்ற விஷயத்துக்கு ஒரு பெண்ணின் வாழ்வைத் தடுப்பது என்ன அறிவு? ரத்தப் பிரிவைத் தெரிந்துகொள்ளச் சொல்லுவது கலியாணத்தை நிறுத்த அல்ல, பிரசவத்துக்குத் தயாராயிருக்க. ஜப்பானில் 1927-ல் ஒருவர் ரத்தப் பிரிவைக் கொண்டு மனிதர் குணத்தைச் சொல்லலாம் என்று கிளப்பிவிட்டதை இன்றைக்கும் அங்கே பலர் நம்புகிறார்கள். மூட நம்பிக்கை பிழைப்பதற்கு ஆராய்ச்சிச் சாலையிலும் இடம் தேடும்.

அது போலவே, கரு கலைவது எல்லாவற்றிற்கும் இதுதான் காரணம் என்றும் நாம் சொல்ல மாட்டோம். அப்படிச் சொன்னால் நமக்கும் ஜோசியனுக்கும் வித்தியாசமில்லாமற் போகும். முதல் மூன்று மாதத்தில் கலைகின்ற கருக்களில் ஏறக்குறைய பாதி, கரு உண்டாகும்போதே அதன் பரம்பரைக் கூறுகளில் ஏற்பட்ட பிழையால் கலைகின்றது. அதற்குத் தாய் நடந்ததோ, குனிந்ததோ, பப்பாளி தின்றதோ காரணமல்ல. மற்றும் சர்க்கரை வியாதி, தைராய்டுக் கோளாறு, கருப்பை அமைப்பு முதலிய பல காரணங்களும் உண்டு. ஆர்.எச். வித்தியாசத்தின் கெடுதல் பெரும்பாலும் பிந்திய மாதங்களில் காணப்படுவது. ஏ, பி, ஓ வித்தியாசத்தால், அதிலும் தாய் ஓ ஆகவும் குழந்தை ஏ அல்லது பி ஆகவும் இருந்தால், பிறந்த குழந்தைக்குக் காமாலை வரலாம். அது பெரும்பாலும் லேசானது. நீல வெளிச்சத்தில் வைத்துச் சரி செய்துவிடுகிறார்கள். கணவனும் மனைவியும் ஒரே பிரிவாயிருந்தால் பிள்ளை தங்காது என்பது சுத்தப் பொய்.

இந்தப் பக்கத்து ஜனங்களைப் பார்த்து நாம் ஒன்று கேட்க விரும்புகிறோம். ஆவடியில் 1961-ல் ஏற்பட்ட தொழிற்சாலையில் டாங்கி செய்கிறீர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் கடைசல் இயந்திரத்தில் இரும்பைக் கடைகிறீர்கள். ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் அளவுக்கருவி வைத்துப் பார்த்து, இது சேராது என்று ஒதுக்குகிறீர்கள். அங்கே பல்லி சொல்லுவதைக் கேட்டுப் பாகத்தைப் பொருத்துவதில்லை. அதே தொழிலாளி வீட்டுக்கு வந்து, மனைவி முழுகாமல் இருக்கிறாள் என்றால் மட்டும் அளவுக்கருவியை மறந்துவிட்டுப் பூசாரியைத் தேடுவது ஏன்? இரும்புக்குக் கொடுக்கின்ற மரியாதையைப் பெண்டாட்டிக்குக் கொடுக்கக்கூடாதா?

இதே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிழக்கே போகும்போது குமணன்சாவடியில் தெற்கே திரும்பினால் மாங்காட்டுக் கோயில். வேலப்பன்சாவடியில் வடக்கே திரும்பினால் திருவேற்காட்டுக் கோயில். எங்கும் திரும்பாமல் பட்டணத்துக்குப் போனால் எழும்பூரில் 1844-ல் ஏற்பட்ட சர்க்கார் தாய் சேய் ஆஸ்பத்திரி. அவ்வளவு தூரங்கூடப் போக வேண்டியதில்லை. ரத்தப் பிரிவு பார்ப்பதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போதே செய்கிறார்கள். எத்தனை பேர் அந்த அட்டையில் என்ன எழுதியிருக்கின்றது என்று படித்துப் பார்க்கிறீர்கள்? சீமந்தத்துக்கு ஐம்பதினாயிரம் கடன் வாங்குகிறவன், சில ஆயிரம் ரூபாய் ஊசியென்றால் "பிறகு பார்க்கலாம்" என்கிறான். மூன்று நாள் போய்விட்டால் அந்தப் பிறகின் பயன் குறைந்துபோகும்.

ஆகவே செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாய்ச் சொல்லுகிறோம். தாய்மார்கள் கவனிக்க வேண்டும்.

முதலாவது, கர்ப்பம் என்று தெரிந்ததும் பெண்ணின் ரத்தப் பிரிவைப் பார்க்க வேண்டும். நெகட்டிவ் என்றால் கணவனுடையதையும் பார்க்க வேண்டும். இதில் ஆண்பிள்ளை கௌரவம் பார்த்துக்கொண்டு வெளியில் நிற்கக்கூடாது.

இரண்டாவது, அவள் நெகட்டிவ், அவன் பாசிட்டிவ் என்றால், அவளுக்கு ஏற்கெனவே எதிர்ப்பு உண்டாகியிருக்கின்றதா என்று கூம்ப்ஸ் சோதனை செய்யச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் 28-வது வாரத்தில் ஊசி. குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் மறுபடி ஊசி.

மூன்றாவது, கரு கலைந்தாலும், சட்டப்படி கலைத்துக்கொண்டாலும், கரு குழாயில் தரித்தாலும், கர்ப்பத்தில் ரத்தம் பட்டாலும், வயிற்றில் அடிபட்டாலும், "நான் நெகட்டிவ், எனக்கு ஊசி வேண்டுமா?" என்று டாக்டரைக் கேட்க வேண்டும். 12 வாரத்துக்கு மேற்பட்ட கர்ப்பமானால் இது அவசியம். வெளியில் சொன்னால் வெட்கம் என்று மறைத்துவிட்டு வந்த ஒரு கருச்சிதைவு, பின்னால் வருகின்ற குழந்தைக்கு எமனாகக்கூடும்.

நான்காவது, எதிர்ப்பு ஏற்கெனவே உண்டாகிவிட்டவர்களுக்கு இந்த ஊசி பயன்படாது. அவர்களும் மனம் உடைய வேண்டியதில்லை. 1963-ல் நியூசிலாந்தில் லைலி என்னும் டாக்டர் வயிற்றிலுள்ள சிசுவுக்கே ரத்தம் ஏற்றிக் காட்டினார். இன்று சென்னையிலேயே அது செய்கிறார்கள். ஆனால் அதற்கு ஆரம்பத்திலிருந்தே பெரிய ஆஸ்பத்திரியின் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

தோழர்களே! 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு கூடியபோது இந்தப் பூந்தமல்லியும் அம்பத்தூரும் அந்தச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவையே. பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று அங்கே தீர்மானித்தார்கள். 1967-ல் இம்மாதிரியான திருமணத்துக்குச் சட்டமும் செய்யப்பட்டது. சொத்தில் சமம் என்றோம். மண ஒப்பந்தத்தில் சமம் என்றோம். ஆனால் பிள்ளை செத்தால் மட்டும் பழியில் பாதியை ஆண் ஏற்பதில்லை. புரோகிதனைத் தள்ளிவிட்டு, "உன் ராசிதான்" என்று பெண்டாட்டியைப் பார்த்துச் சொல்லுகின்றவன் அரைச் சுயமரியாதைக்காரன் என்றே நாம் சொல்லுவோம்.

உங்கள் உறவில், "பிள்ளை தங்காதவள்" என்று ஒதுக்கி வைக்கப்பட்ட ஒரு பெண் எங்காவது இருப்பாள். நாளைக்கே அவளைப் போய்ப் பாருங்கள். "அம்மா, இது உன் பாவமல்ல" என்று சொல்லுங்கள். அவளுடைய ரத்தப் பிரிவு என்னவென்று கேளுங்கள். தெரியாதென்றால் அழைத்துக்கொண்டு போய்ப் பார்க்கச் செய்யுங்கள். நாம் இவ்வளவு நேரம் பேசியதற்கு அது ஒன்றே போதுமான பலனாகும்.